ஆர்.ஓ. ரிஜெக்ட் தண்ணீரை ஊற்றினால் கறிவேப்பிலை சாகுமா?

மடிப்பாக்கத்தான்:
நேற்று இந்தக் குழுவில் மாடித்தோட்டக்காரி அம்மா போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு மண்டை காய்கிறது. குடிதண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற ரிஜெக்ட் தண்ணீரை, அதாவது கழிவுத் தண்ணீரை, வாளியில் பிடித்து வீடு துடைக்கிறாராம், பாத்திரம் அலசுகிறாராம், மிச்சத்தை மாடியில் இருக்கும் கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் ஊற்றுகிறாராம். ‘எங்கள் வீட்டில் ஒரு சொட்டும் வீணாவதில்லை’ என்று முடித்திருக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல்.

அம்மா, தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிற இயந்திரத்தை மாட்டிவிட்டு, அப்புறம் அந்த மூன்று லிட்டருக்கு வேலை தேடிக் கொடுப்பது சிக்கனமா? தேவையில்லாமல் நாலு சட்டை வாங்கிவிட்டு, அட்டைப்பெட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்தேன் என்று பெருமைப்படுவது மாதிரி இருக்கிறது. 2019-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது: தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று. ஆகவே ஒரே கேள்வி. உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு?

மாடித்தோட்டக்காரி:
சார், நான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. என் வீட்டில் நடப்பதைச் சொன்னேன். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த வருஷம் லாரிக்காரருக்கு போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது. அதற்குப் பிறகு சாக்கடைக்குப் போகும் தண்ணீரைப் பார்த்தாலே எனக்கு மனசு பொறுப்பதில்லை. அதுதான் கதை.

கறிவேப்பிலை அமோகமாக இருக்கிறது. வேண்டுமானால் வந்து ஒரு கொத்து பறித்துக்கொண்டு போங்கள்.

சிட்டிக்குருவி:
அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் இதே யோசனையைக் கேட்டு என் கறிவேப்பிலைக்கு ரிஜெக்ட் தண்ணீர் ஊற்றினேன். இலை நுனி கருகி, மஞ்சளாகி, கொட்டி, குச்சிதான் மிச்சம். அது தண்ணீர் இல்லை, விஷம். இதைப் போய் சிக்கனம் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மடிப்பாக்கத்தான்:
தம்பி, உங்களுக்கும் அதே கேள்விதான். உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு?

சிட்டிக்குருவி:
சம்பளத்தில் பிடிக்கிற டிடிஎஸ்தான் சார் எனக்குத் தெரியும். செடி செத்தது. அது போதாதா?

மடிப்பாக்கத்தான்:
போதாது. ஆலையில் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதும் ஓட்டியவன் நான். ஆர்.ஓ. எனக்கு நேற்று வந்த பொருள் இல்லை. கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உள்ளே 600 டிடிஎஸ் தண்ணீர் நாலு லிட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் குடிதண்ணீராக, சுமார் 60 டிடிஎஸ்ஸில் வருகிறது. மூன்று லிட்டர் வெளியே போகிறது. உப்பு எங்கும் மாயமாவதில்லை, எல்லாம் அந்த மூன்று லிட்டரில்தான் இருக்கும். கணக்குப் போட்டால் ரிஜெக்ட் தண்ணீர் 780. அவ்வளவுதான். விஷமும் இல்லை, கடலும் இல்லை. குழாயில் வந்ததைப் போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு, சரியாகச் சொன்னால் 1.3 மடங்கு.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். ‘தண்ணீர் சேமிக்கும் மாடல், 60 சதவீதம் மீட்பு’ என்று, அதாவது உள்ளே போவதில் 60 சதவீதம் குடிதண்ணீராகும் என்று விற்கிறார்களே, அதே 600-ஐ அதில் விட்டால் ரிஜெக்ட் 1400-ஐத் தாண்டும். இயந்திரம் எவ்வளவு சிக்கனமோ, வெளியே வருவது அவ்வளவு உப்பு. அதிகம் வீணாக்கும் பழைய இயந்திரத்தின் கழிவுதான் செடிக்கு நல்லது. யாராவது இதை யோசித்தீர்களா?

தம்பி வீட்டில் போர் தண்ணீராக, அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருக்கும். 1500 உள்ளே போனால் 1950 வெளியே வரும். ஆனால் அந்த 1500-ஐ நேராக ஊற்றியிருந்தாலும் செடி திணறித்தான் இருக்கும். இயந்திரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

மாடித்தோட்டக்காரி:
அப்படியென்றால் நான் செய்வது சரி என்கிறீர்கள். நன்றி சார். இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம்.

மடிப்பாக்கத்தான்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. செடி சாகாது என்றேன். நீங்கள் சிக்கனமாக இருக்கிறீர்கள் என்று எங்கே சொன்னேன்? டிடிஎஸ் எவ்வளவு என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

சிறுவாணிக்காரன்:
சென்னைக்காரர்கள் சண்டை போடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதுங்க. எங்கள் கோயம்புத்தூரில் குழாயைத் திறந்து அப்படியே குடிப்போம். சிறுவாணித் தண்ணீருக்கு ஆர்.ஓ. மாட்டுகிறவனை ஊரை விட்டே அனுப்ப வேண்டும். நீங்கள் உப்பைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருங்கள்.

சிட்டிக்குருவி:
கோவை அண்ணே, ஊர் முழுக்கவா சிறுவாணி வருகிறது? பில்லூர், ஆழியாறு என்று பகுதிக்கு ஒரு தண்ணீர் என்று அங்கே இருக்கும் என் நண்பன் சொல்கிறான். கோடையில் எத்தனை நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் வருகிறது என்றும் கேட்டுச் சொல்லட்டுமா?

சிறுவாணிக்காரன்:
அது மாநகராட்சி பிரச்சினை. தண்ணீரின் ருசி பிரச்சினை இல்லை. ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஊர்க்காரர் எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

பொறுமைசாலி (நெறியாளர்):
நண்பர்களே, ஊர்ச்சண்டை வேண்டாம். முதலில் நாம் எதைச் சேமிக்கப் பார்க்கிறோம், தண்ணீரையா, பணத்தையா, மின்சாரத்தையா என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

சிட்டிக்குருவி:
கறிவேப்பிலை செத்ததுக்குப் பதில் வரவில்லை.

மடிப்பாக்கத்தான்:
டிடிஎஸ் வரவில்லை. பதில் எப்படி வரும்?

அடுப்படி அரசி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் யாருமே கேட்கவில்லை. அந்த வாளியைத் தூக்குவது யார்?

சமையலறையில் சிங்க்குக்குக் கீழே வாளி. நிறைந்து வழிவதற்குள் மாற்ற வேண்டும். மறந்தால் தரை முழுக்கத் தண்ணீர். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். எங்கள் வீட்டில் இந்த யோசனையைச் சொன்னது அவர். தூக்கியது நான். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு ‘வேண்டாம் விடு’ என்று பெருந்தன்மையாகச் சொன்னார். வீட்டில் சிக்கனம் என்று யார் அறிவித்தாலும் வேலை கூடுவது ஒருவருக்குத்தான். துணிப்பையைத் துவைப்பது, காய்கறித் தோலை உரத்தொட்டியில் கிளறுவது, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் டப்பாக்களை அடுக்குவது, எல்லாம் ஒரே ஆள். இதற்கு டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதா சார்?

மாடித்தோட்டக்காரி:
அரசி, நான் வாளி தூக்குவதில்லை. ரிஜெக்ட் குழாயை நீட்டி, பால்கனியில் ஒரு டிரம்மில் விட்டிருக்கிறேன். பிளம்பர் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். மாடிக்கு மட்டும் சின்ன பக்கெட்டில் என் பையன் எடுத்துப் போவான்.

மடிப்பாக்கத்தான்:
குழாயை எவ்வளவு நீளம் நீட்டினீர்கள்? ரொம்ப நீட்டினால், அல்லது உயரத்துக்கு ஏற்றினால், மெம்பரேனுக்கு, அதாவது உப்பைப் பிரிக்கும் சவ்வுக்கு, பின்னால் அழுத்தம் கூடும். சில சர்வீஸ் பையன்கள் ரிஜெக்ட் குறையட்டும் என்று அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ப்ளோ ரெஸ்ட்ரிக்டரையே மாற்றிவிடுவார்கள். ஆறு மாதத்தில் மெம்பரேனில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் புதுசு வாங்க வேண்டியதுதான். இதுதான் உங்கள் ‘ஒரு சொட்டும் வீணில்லை’யின் லட்சணம்.

அடுப்படி அரசி:
நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குழாய் நீளம் அளக்கிறார் பாருங்கள்.

மடிப்பாக்கத்தான்:
அம்மா, உங்கள் குடும்ப விஷயத்தில் நான் தலையிட முடியாது.

பாரம்பரியம்:
நம் முன்னோர் தேற்றான் கொட்டையை உரைத்துத் தண்ணீரில் போட்டு, மண்பானையில் ஊற்றிக் குடித்தார்கள். மின்சாரம் வேண்டாம், மெம்பரேன் வேண்டாம், ரிஜெக்ட்டே கிடையாது. வெள்ளைக்காரன் இயந்திரத்தை மாட்டிவிட்டுக் கறிவேப்பிலைக்காக அழுகிறீர்கள்.

மடிப்பாக்கத்தான்:
தேற்றான் கொட்டை கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும். மண்ணும் தூசியும் அடியில் படியும், உண்மைதான். கரைந்திருக்கும் உப்பை அது ஒன்றும் செய்யாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் கிருமிதான் சாகும், உப்பு போகாது. முன்னோர் குடித்தது ஆற்றுத் தண்ணீரும் ஊருணித் தண்ணீரும். முந்நூறு அடி போர் போட்டு உறிஞ்சிய தண்ணீர் இல்லை. எதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரிந்து பேச வேண்டும்.

பாரம்பரியம்:
நீங்கள் ஆலையில் வேலை பார்த்தவர். உங்களுக்கு இது புரியாது.

சிட்டிக்குருவி:
நான் இயந்திரத்தையே கழற்றிவிட்டேன். இப்போது கேன் தண்ணீர்தான். ஒரு சொட்டு ரிஜெக்ட் கிடையாது. செடித் தொட்டிக்கு நேராக மெட்ரோ தண்ணீர், குடிநீர் வாரியக் குழாயில் வருவது. இதை விடச் சிக்கனம் உண்டா?

மடிப்பாக்கத்தான்:
அடடா. 20 லிட்டர் கேன் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள், வானத்திலிருந்தா? புறநகரில் போர் போட்டு உறிஞ்சி, அங்கே பெரிய ஆர்.ஓ.வில் விட்டுத்தான் அடைக்கிறார்கள். உங்கள் சமையலறை வாளி அந்த ஊர்க் கால்வாய்க்கு இடம் மாறியிருக்கிறது. அதோடு வண்டி டீசல் வேறு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வீணானால் அது வீண் இல்லை போலிருக்கிறது.

அதை விடுங்கள். ‘தொட்டிக்கு நேராக மெட்ரோ தண்ணீர்’ என்கிறீர்கள். வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர் வருகிறதா? அப்புறம் எதற்கு ஆர்.ஓ. வைத்திருந்தீர்கள்? அதன் ரிஜெக்ட்டில் எப்படிக் கறிவேப்பிலை செத்தது?

சிட்டிக்குருவி:
மெட்ரோவும் வரும், போரும் வரும். சம்ப்பில் இரண்டும் கலக்கும். செடி செத்தது செத்ததுதான்.

மடிப்பாக்கத்தான்:
கலக்கும்! இப்போதுதான் வாயிலிருந்து வருகிறது. எவ்வளவு கலக்கும் என்று தெரியாது, டிடிஎஸ் தெரியாது, ஆனால் விஷம் என்று தீர்ப்பு. ஒரு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான் தம்பி. பேனா அளவு இருக்கும், டம்ளரில் முக்கினால் எண் வந்துவிடும்.

செடிக்கும் கணக்கு இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன வழிகாட்டியில் 450 வரை பிரச்சினை இல்லை, 450 முதல் 2000 வரை கொஞ்சம் பார்த்து ஊற்ற வேண்டும், 2000-க்கு மேல் கடும் சிக்கல் என்று இருக்கிறது. அதிலும் தென்னை தாங்கும், பீன்ஸ் தாங்காது. தொட்டிச் செடி என்றால் இன்னும் மோசம். நிலத்தில் என்றால் உப்பு கீழே இறங்கிப் போகும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, பார்த்ததில்லையா? வாரம் ஒரு தரமாவது நல்ல தண்ணீரை அடியில் வழியும் வரை ஊற்றிக் கழுவ வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழை அந்த வேலையைச் செய்துவிடும். மாசி முதல் ஆடி வரை யார் செய்வது?

மாடித்தோட்டக்காரி:
அப்போது சாகும் என்கிறீர்களா, சாகாது என்கிறீர்களா? மேலே ‘விஷமும் இல்லை, கடலும் இல்லை’ என்று எழுதியது நீங்கள்தான்.

மடிப்பாக்கத்தான்:
டிடிஎஸ் சொல்லுங்கள், சொல்கிறேன்.

கிழக்குச்சீமை:
ராமநாதபுரத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் ரிஜெக்ட் என்று சொல்லும் தண்ணீரை விட உப்பான தண்ணீரில்தான் எங்கள் பக்கம் கிணறுகள் இருக்கின்றன. குடிதண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் தெருவே குடத்தோடு நிற்கும். உங்கள் கறிவேப்பிலைக்கு நாங்கள் இரங்கல் தெரிவித்துக்கொள்கிறோம்.

சிறுவாணிக்காரன்:
செம அடி.

சிட்டிக்குருவி:
இதுக்கெல்லாம் சிரிக்கிற ஆள் நீங்கள்தான் ‘எங்கள் ஊரில் குழாயைத் திறந்து குடிப்போம்’ என்றவர். அடி உங்களுக்கும் சேர்த்துத்தான் விழுந்திருக்கிறது அண்ணே.

அடுப்படி அரசி:
மடிப்பாக்கத்தார் இப்படித்தான். போன மாதம் நான் பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்து, குக்கரில் முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்தால் காஸ் மிச்சமாகிறது என்று எழுதினேன். உடனே வந்து ‘எத்தனை கிராம் மிச்சம், சிலிண்டரை எடை போட்டீர்களா’ என்று கேட்டார். 14.2 கிலோ சிலிண்டரைத் தராசில் தூக்கி வைக்கச் சொல்கிறார். எதையும் செய்கிறவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள், இவர் மீட்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மடிப்பாக்கத்தான்:
அது வேறு விவாதம். அங்கேயும் நான் சொன்னது சரிதான். கொண்டைக்கடலைக்கு மிச்சமாகும், பாசிப்பருப்புக்கு ஊறவைத்துப் பெரிதாக ஒன்றும் வராது. அதை அப்போதே சொன்னேன், நீங்கள்தான் குழுவை விட்டுப் போகிறேன் என்று மிரட்டினீர்கள்.

அடுப்படி அரசி:
போகவில்லையே. இங்கேதான் இருக்கிறேன்.

மாடித்தோட்டக்காரி:
சரி சார், நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதா, இல்லையா?

மடிப்பாக்கத்தான்:
என் வீட்டுப் பேச்சு இங்கே எதற்கு? பொதுவாக ஒரு கொள்கையைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாடித்தோட்டக்காரி:
நான் என் வீட்டைப் பற்றிச் சொன்னதால்தானே இவ்வளவும்? இருக்கிறதா, இல்லையா?

மடிப்பாக்கத்தான்:
இருக்கிறது. மருமகள் வாங்கி வைத்தது. நான் குடிப்பது மண்பானைத் தண்ணீர். ஆகவே அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சிறுவாணிக்காரன்:
பானைக்குள் ஊற்றுவது எந்தத் தண்ணீருங்க?

சிட்டிக்குருவி:
ஆஹா, மண்பானை! பாரம்பரியம் அண்ணன் எங்கே இருந்தாலும் மேடைக்கு வரவும்.

பாரம்பரியம்:
நான் அப்போதே சொன்னேன்.

அடுப்படி அரசி:
மருமகள் வைத்த இயந்திரத்தின் ரிஜெக்ட் எங்கே போகிறது சார்? சிங்க்கிலா?

மடிப்பாக்கத்தான்:
திசை திருப்புவதில் இந்தக் குழுவை மிஞ்ச ஆளில்லை. எங்கள் பக்கம் மெட்ரோ குழாய் வந்தது தாமதமாகத்தான். அதுவரை முழுக்கப் போர், லாரி. அப்போது ஆர்.ஓ. தேவைப்பட்டது. இந்தியத் தரநிலை 10500-இன்படி டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை அனுமதி. போர் தண்ணீர் உள்ள வீட்டில் ஆர்.ஓ. வைப்பதை நான் குறை சொல்லவே இல்லை. முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள். மெட்ரோ, ஏரித் தண்ணீர் வருகிற வீட்டில் கிருமிக்கு யு.வி., அதாவது புற ஊதா விளக்கு, போதும் என்பதுதான் என் வாதம்.

மாடித்தோட்டக்காரி:
முதல் பதிவில் யு.வி. என்ற சொல்லே இல்லை. படித்துவிட்டேன். என் வீட்டிலும் போர்தான் என்றால் என்ன செய்வீர்கள்?

மடிப்பாக்கத்தான்:
‘என்றால்’ எல்லாம் வேண்டாம். போரா, இல்லையா? டிடிஎஸ் எவ்வளவு?

மாடித்தோட்டக்காரி:
சொல்ல மாட்டேன். இவ்வளவு கேட்ட பிறகு சொல்லவே மாட்டேன்.

பொறுமைசாலி (நெறியாளர்):
இந்த இழையை இரவு பூட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. அந்தக் குழிகள் இன்று எத்தனை வீட்டில் தூர்ந்து கிடக்கின்றன என்று யாராவது பேசலாம். ஆக்கபூர்வமாக இருக்கும்.

சிட்டிக்குருவி:
பேசலாம் சார். மழைநீர் ஊற்றினால் கறிவேப்பிலை சாகாது.

மடிப்பாக்கத்தான்:
பூட்ட வேண்டாம், நான் இன்னும் முடிக்கவில்லை. உண்மையில் தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்றால் குளியலறைக்குப் போங்கள். பழைய ப்ளஷ் டேங்க் ஒரு தரம் இழுத்தால் பத்து லிட்டர் போகும். நாலு பேர் உள்ள வீட்டில் கூட்டிப் பாருங்கள். உங்கள் ரிஜெக்ட் வாளி அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி, மூடி, டேங்க்குக்குள் இறக்கினால் ஒவ்வொரு தரமும் ஒரு லிட்டர் மிச்சம். இழுப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. குழாய் முனையில் தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் ஏரேட்டர் மாட்டினால் பாத்திரம் கழுவும் தண்ணீரும் நன்றாகவே குறையும். இதையெல்லாம் யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள், ஏனென்றால் கழிப்பறை அழகாக இருக்காது. மாடித்தோட்டம் அழகாக இருக்கும்.

மாடித்தோட்டக்காரி:
என் வீட்டு ப்ளஷ்ஷுக்கும் ரிஜெக்ட் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். பதிவின் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. நீங்கள் படிக்காமலே எழுத வந்துவிட்டீர்கள்.

மடிப்பாக்கத்தான்:
மூன்றாவது பத்தி நேற்று இல்லை. இப்போது திருத்திச் சேர்த்திருக்கிறீர்கள்.

மாடித்தோட்டக்காரி:
திருத்தினால் ‘திருத்தப்பட்டது’ என்று காட்டும் சார். காட்டுகிறதா பாருங்கள்.

மடிப்பாக்கத்தான்:
என் போனில் சரியாகத் தெரியவில்லை. கணினியில் பார்த்துவிட்டு வருகிறேன்.

கிழக்குச்சீமை:
அந்தப் பாட்டிலில் மணலுக்குப் பதில் தண்ணீரே நிரப்பலாமா? மணல் கசிந்து டேங்க் வால்வு போய்விட்டது என்று எங்கள் தெருவில் ஒருவர் புலம்பினார்.

சிட்டிக்குருவி:
நிரப்பலாம் அண்ணே. ஆனால் முதலில் அந்தத் தண்ணீரின் டிடிஎஸ்ஸைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இங்கே உள்ளே விட மாட்டார்கள்.

மடிப்பாக்கத்தான்:
கிண்டல் செய்யுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் மணல் கசியாது. அந்த வால்வு போனது மணலால் என்று யார் சொன்னது? உப்பு படிந்தாலும் வால்வு போகும். அவர் வீட்டில் போர் தண்ணீரா?

கிழக்குச்சீமை:
அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மதுரைக்குப் போய்விட்டார்.

சிறுவாணிக்காரன்:
மதுரையில் என்ன தண்ணீருங்க?